உப்புப் போத்தலும் எசுத்தரும்: நொதியத் தாக்கத்தில் நீரை ஆளும் விதம்

திருகோணமலையில் கச்சான் காற்று எழும்பிவிட்டால் குசினியில் இருக்கும் உப்புப் போத்தல் கலகலக்கத் தொடங்கும். கரண்டியை விட்டால் உப்பு மணல்போலச் சரியும். வாடை தொடங்கிக் கார்த்திகை மழை இறங்கியதும் அதே போத்தலில் உப்பு கசிந்து கட்டியாகி, அடியில் தண்ணீர் தேங்கி நிற்கும். கச்சானில் காற்றில் தண்ணீர் இல்லை, வாடையில் நிறைய இருக்கிறது என்றுதான் நாம் எல்லோரும் இதற்குக் காரணம் சொல்வோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தக் காரணம் நிற்காது.

கச்சான் வீசும் ஒரு நடுப்பகலை எடுத்துக்கொள்வோம். வெப்பநிலை 36 பாகை செல்சியசு, சாரீரப்பதன் 50 சதவீதம். 36 பாகையில் நீராவியின் நிரம்பல் ஆவியமுக்கம், அதாவது காற்றில் நீராவி எட்டக்கூடிய உச்ச அமுக்கம், ஏறக்குறைய 59 மில்லிபார். அதில் பாதி என்றால் 30 மில்லிபார் நீராவி அந்தக் காற்றில் இருக்கிறது. இனி வாடைக்காலத்து ஓர் இரவு: 26 பாகை, சாரீரப்பதன் 90 சதவீதம். 26 பாகையில் நிரம்பல் ஆவியமுக்கம் 34 மில்லிபாருக்குச் சற்றுக் குறைவு. அதில் 90 சதவீதமும் 30 மில்லிபார்தான். உதட்டை வெடிக்க வைக்கும் கச்சானும் கொடியில் போட்ட துணியைக் காயவிடாத வாடையும் கிட்டத்தட்ட ஒரே அளவு நீராவியைச் சுமந்துகொண்டு வருகின்றன.

அப்படியானால் ஒன்றில் உப்பு கசிகிறது, மற்றதில் காய்கிறது, ஏன்? காற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதை உப்பு பார்ப்பதில்லை. அந்த வெப்பநிலையில் இருக்கக்கூடிய உச்ச அளவில் எத்தனை பங்கு இருக்கிறது என்பதையே பார்க்கிறது. தூய சோடியம் குளோரைட்டுக்கு அந்த எல்லை 75 சதவீதம். சாரீரப்பதன் அதைத் தாண்டினால் உப்பு நீரை இழுத்துக் கரையும்; அதற்குக் கீழே போனால் நீரை விட்டுவிடும். உப்பளத்து உப்பு கடையில் வாங்கும் சுத்தமான உப்பைவிட முந்திக் கசிவதற்கும் இதே விதிதான் காரணம். கடல் உப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் மக்னீசியம் குளோரைட்டின் எல்லை வெறும் 33 சதவீதம்.

உப்புப் போத்தலுக்கு இவ்வளவு இடம் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. நொதியத்தைக் கொண்டு எசுத்தர் ஆக்குகிறவர்கள் படும் பாட்டில் பெரும்பகுதி, தண்ணீரின் அளவையும் தண்ணீரின் துடிப்பையும் (உப்பு பார்க்கும் அந்தப் பங்கை) ஒன்றென்று எண்ணிக்கொள்வதால் வருவது. நானும் அதில் ஒரு பருவம் முழுவதையும் இழந்திருக்கிறேன்.

எசுத்தர் என்றால் என்ன என்பதை உயர்தர வகுப்பில் இரசாயனவியல் படித்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். எதனோலையும் அசற்றிக் அமிலத்தையும் சோதனைக்குழாயில் எடுத்து, செறிந்த சல்பூரிக் அமிலத்தில் சில துளிகள் விட்டு, நீர்த்தொட்டியில் சூடாக்கி, முகவையில் உள்ள நீரில் ஊற்றினால் பழ வாசம் எழும்பும். அமிலமும் அற்ககோலும் சேர்ந்து எசுத்தரையும் ஒரு நீர் மூலக்கூறையும் தருகின்றன. அந்த நீர்தான் தலையிடி. தாக்கம் மீளக்கூடியது. நீர் சேரச் சேர, எசுத்தர் திரும்பவும் அமிலமாகவும் அற்ககோலாகவும் உடைகிறது. சல்பூரிக் அமிலம் ஊக்கியாக மட்டுமல்லாமல் நீரை விழுங்கும் பொருளாகவும் அங்கே வேலை செய்கிறது. நொதியம் இருக்கும் பாத்திரத்தில் அதை ஊற்ற முடியாது. நொதியம் ஒரு புரதம். அது அந்த நொடியே அழிந்துவிடும்.

இந்த வேலைக்குப் பயன்படும் நொதியம் லிப்பேசு. நம் வயிற்றிலும், விதைகளிலும், பூஞ்சணங்களிலும் கொழுப்பை உடைப்பதற்காக இருக்கும் நொதியம் அது. சரியாகக் காயாத கொப்பறாவில் ஆட்டிய தேங்காயெண்ணெயில் காறல் மணம் வருவதை அறியாத வீடு கிழக்கில் இருக்காது. கொப்பறாவின் ஈரம் ஆறேழு சதவீதத்துக்கு மேல் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணத்தின் லிப்பேசு, அந்த ஈரத்தையே ஆயுதமாக்கி எண்ணெயை வெட்டும். வெட்டுப்பட்டு வெளியே வரும் லோரிக் அமிலம் முதலியவை அந்தக் கார்ப்பையும் சவர்க்காரச் சுவையையும் கொடுக்கின்றன. தண்ணீர் நடுவே நிற்கும்போது லிப்பேசு கொழுப்பை உடைக்கும். அதே லிப்பேசைத் தண்ணீர் அருகிய இடத்தில் விட்டால் அமிலத்தையும் அற்ககோலையும் பிணைக்கும். கொப்பறாவைக் கெடுக்கும் அதே கைதான் எசுத்தரையும் கட்டுகிறது.

இதை நொதியத்துக்குள்ளேயே போய்ப் பார்க்கலாம். லிப்பேசின் தாக்கம் நடக்கும் குழியில் செரீன் என்னும் அமினோ அமிலம் ஒன்று காத்திருக்கிறது. கொழுப்பமிலம் வந்து அதன்மேல் ஏறும்போது ஒரு நீர் மூலக்கூறு கழன்று வெளியே போகிறது. இப்போது அமிலத்தின் பகுதி செரீனோடு பிணைந்து நிற்கிறது. அதை அங்கிருந்து எடுத்துச் செல்ல இரண்டு பேர் வரலாம். அற்ககோல் வந்து எடுத்தால் எசுத்தர் பிறக்கும். நீர் வந்து எடுத்தால் பழைய அமிலமே திரும்பி வரும், உழைப்பு வீண். ஆகவே குழியின் வாசலில் அற்ககோலுக்கும் நீருக்கும் இடையில் ஓயாத போட்டி நடக்கிறது. வாசலில் நீர் எவ்வளவு துடிப்போடு நிற்கிறது என்பதே நாம் ஆளவேண்டிய காரியம்.

எவ்வளவு நீரை அகற்றவேண்டும் என்பதற்குச் சமநிலைக் கணக்கு தெளிவான விடை தருகிறது. பிரான்சின் பெர்த்தலோவும் பெயான் த சென்-ஜீலும் 1862 அளவில் எதனோலையும் அசற்றிக் அமிலத்தையும் சமமூலாக, அதாவது மூலக்கூற்று எண்ணிக்கை சமமாகும்படி, கலந்து நீண்ட காலம் வைத்து அளந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு எசுத்தரானதும் தாக்கம் நின்றுவிட்டது. சமநிலை மாறிலி (எசுத்தரையும் நீரையும் பெருக்கி, எஞ்சிய அமிலத்தையும் அற்ககோலையும் பெருக்கிய எண்ணால் வகுத்தால் கிடைப்பது) ஏறக்குறைய 4 என்று கொண்டால் இந்த விடை சரியாக வரும். மற்ற அமிலங்களுக்கும் அற்ககோல்களுக்கும் இந்த எண் மாறும், ஆனாலும் ஓர் அளவுகோலாக அதை வைத்துக்கொள்ளலாம். சமமூல் கலவையில் 90 சதவீதம் எசுத்தராக வேண்டுமென்றால், உண்டான நீரில் 5 சதவீதம் மட்டுமே பாத்திரத்தில் தங்கலாம். 95 சதவீதத்துக்கு ஒரு சதவீதமளவே தங்கலாம். 99 சதவீதம் வேண்டுமென்றால் உண்டான நீரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குகூடத் தங்கக் கூடாது. கடைசி நான்கு சதவீதத்துக்காகத்தான் முழுப் போராட்டமும். நொதியம் இந்தச் சமநிலையை இம்மியும் நகர்த்தாது. அங்கே போய்ச் சேரும் வேகத்தை மட்டுமே கூட்டும். “நல்ல நொதியம் வாங்கினால் விளைச்சல் கூடும்” என்று சொல்லப்படுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்கை எழுதிக் காட்டத் தோன்றும்.

கைக்கு அடங்கும் அளவில் சொன்னால், தேங்காயெண்ணெயின் கொழுப்பமிலங்களில் ஏறக்குறைய பாதி லோரிக் அமிலம். ஒரு கிலோகிராம் லோரிக் அமிலத்தை எதனோலோடு முழுமையாக எசுத்தராக்கினால் 90 கிராம் நீர் வெளியேறும். ஒரு சிறிய தேநீர்க் கோப்பை நிரம்பும் தண்ணீர். எங்கிருந்தும் கசிந்து வராமல், உலர்ந்த பொருள்களை உலர்ந்த பாத்திரத்தில் போட்ட பிறகும் உள்ளேயே பிறக்கும் தண்ணீர் அது.

அற்ககோலை அதிகமாக ஊற்றிச் சமநிலையைத் தள்ளலாமே என்று கேட்கலாம். தள்ளலாம். ஒரு பங்கு அமிலத்துக்கு மூன்று பங்கு அற்ககோல் என்றால் 90 சதவீதம், பத்துப் பங்கு என்றால் 97 சதவீதம் என்று அதே கணக்கு சொல்கிறது. ஆனால் எதனோல், மெதனோல் போன்ற சிறிய அற்ககோல்கள் மிகுந்தால் நொதியம் நலிந்துவிடும். மிஞ்சிய அற்ககோலை வடித்து எடுக்கும் செலவும் சேரும். என் பார்வையில் அது தப்பிக்கும் வழி, தீர்க்கும் வழி இல்லை.

அப்படியானால் ஒரு துளியும் விடாமல் எல்லாவற்றையும் உலர்த்திவிடுவதுதானே? இங்கேதான் விடயம் சுவையாகிறது. நொதியங்கள் நீரில் மட்டுமே உயிர்ப்போடு இருக்கும் என்பது நெடுங்கால நம்பிக்கையாக இருந்தது. 1984இல் அலெக்சாந்தர் கிளிபனோவும் அலெக்சி சாக்சும் அதைக் கலைத்தார்கள். பன்றிக் கணையத்து லிப்பேசை, நீர் மிக அருகிய சேதனத் திரவத்தில் 100 பாகையில் அவர்கள் வைத்தபோது அது பல மணி நேரம் வேலை செய்தது. நீரில் அந்த வெப்பநிலையில் அது உடனே செத்துவிடும். நீர் குறைந்தால் புரதம் இறுகுகிறது. இறுகிய புரதம் வெப்பத்தில் குலைவதில்லை. ஆனால் மிகவும் இறுகிவிட்டால் அசையவும் முடிவதில்லை. தாக்கம் நடக்கப் புரதம் சற்றே விரிந்து சுருங்க வேண்டும். அந்த அசைவுக்கு எண்ணெய் போடுவதுபோல, புரதத்தின் மேற்பரப்பில் இருக்கும் ஏற்றமுள்ள பகுதிகளைச் சுற்றிக் கொஞ்சம் நீர் வேண்டும். எவ்வளவு கொஞ்சம் என்றால், கைமோதிரிப்சின் என்னும் நொதியத்துக்கு மூலக்கூறு ஒன்றுக்கு ஐம்பதுக்கும் குறைவான நீர் மூலக்கூறுகள் போதும் என்று அதே ஆய்வாளர்கள் 1988இல் காட்டினார்கள். புரதத்தை ஒரு சுற்று மூடக்கூட அது காணாது.

நொதியத்துக்கு நொதியம் இந்தத் தேவை வேறுபடுகிறது. கன்டிடா ருகோசா என்ற மதுவத்தின் லிப்பேசுக்கு ஓரளவு ஈரம் தேவை. கன்டிடா அன்டார்ட்டிக்கா லிப்பேசு பி என்பது மிகவும் உலர்ந்த நிலையிலும் சளைக்காமல் உழைக்கும். இன்று எசுத்தராக்கத்தில் அதிகம் கைகொடுக்கும் நொதியம் இதுதான். அன்டார்ட்டிக்காவின் வண்டா ஏரியில் எடுத்த ஒரு மதுவத்திலிருந்து கிடைத்தது. உறைபனி ஏரியில் பிறந்த நொதியம் 60, 70 பாகைச் சூட்டில் நாள்கணக்காக வேலை செய்வதைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. அக்கிரிலிக் பிசினால் ஆன சிறு மணிகளில் அதை ஏற்றி விற்கிறார்கள். கடுகளவுகூட இல்லாத, வெளிர் நிறமான மணிகள்.

இனி உப்புப் போத்தலுக்குத் திரும்பலாம். நொதியத்தின் மேலே எவ்வளவு நீர் ஒட்டியிருக்கும் என்பதைக் கலவையில் உள்ள மொத்த நீரின் அளவு தீர்மானிப்பதில்லை. உப்பைப் போலவே நொதியமும் நீரின் துடிப்பையே பார்க்கிறது. இதற்கு நீர்த் தொழிற்பாடு என்று பெயர். ஒரு பொருளுக்கு மேலேயுள்ள நீராவியின் அமுக்கத்தை, அதே வெப்பநிலையில் தூய நீரின் ஆவியமுக்கத்தால் வகுத்தால் கிடைக்கும் எண். தூய நீருக்கு 1, எலும்புபோல உலர்ந்ததற்கு 0. சாரீரப்பதனை நூறால் வகுத்தாலும் இதே எண்தான். நல்ல கருவாட்டைப் பிழிந்தால் ஈரம் இருக்கும், ஆனாலும் அது அழுகாது. உப்பு அந்த நீரைப் பிடித்து வைத்திருப்பதால் நீர்த் தொழிற்பாடு 0.75 அளவுக்கு இறங்கிவிடுகிறது, நுண்ணுயிர்களுள் பெரும்பாலானவற்றுக்கு அந்த நீர் எட்டுவதில்லை. நீர் இருக்கிறது, துடிப்பு இல்லை.

எதனோல் நிறைந்த கலவையில் இரண்டு சதவீதம் நீர் இருந்தால், எதனோல் அதைக் கையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நீர்த் தொழிற்பாடு தாழ்ந்தே இருக்கும். நீரோடு கலக்காத எக்சேன் என்னும் கரைப்பானில் அதே இரண்டு சதவீதத்தைக் கரைக்கவே முடியாது. அதில் மிகச் சிறு பங்கு போட்டாலே கரைப்பான் தாங்காமல் நீர் துளியாகப் பிரிந்து நொதியத்தின்மேல் படியும். தொழிற்பாடு 1 ஆகிவிடும். அளவு ஒன்று, நிலை வேறு. அசற்றோன் போன்ற நீர்விரும்பிக் கரைப்பான்கள் இன்னும் ஒரு படி மேலே போய், நொதியத்தைச் சுற்றியுள்ள தேவையான நீரையும் உரித்து எடுத்துவிடுகின்றன. நீரை வெறுக்கும் கரைப்பான்களில் நொதியம் நன்றாக வேலை செய்வதற்கு இதுவே காரணம்.

இதிலிருந்து ஒரு நுட்பம் கிளைக்கிறது. அதை முன்பே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் எவ்வளவோ நாள் மிஞ்சியிருக்கும். கரைப்பானே இல்லாமல் அமிலத்தையும் அற்ககோலையும் மட்டும் கலந்து தாக்கத்தைத் தொடங்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் கலவை நீரை விரும்பும் கலவை. அற்ககோலின் ஐதரொட்சில் கூட்டமும் அமிலத்தின் காபொட்சில் கூட்டமும் நீரைப் பிடித்துக்கொள்ளும். நேரம் போகப்போக அவை இரண்டும் தீர்ந்து எசுத்தர் பெருகுகிறது. எசுத்தர் எண்ணெய்த்தன்மையானது, நீருக்கு அதில் இடமில்லை. ஆகவே கலவையில் நீரின் அளவு ஏறாமல் நின்றாலும் அதன் தொழிற்பாடு ஏறிக்கொண்டே போகும். முதல் மணி நேரத்தில் தீங்கு செய்யாத அதே அளவு நீர், பத்தாவது மணி நேரத்தில் தாக்கத்தை நிறுத்திவிடும். கண்ணாலும் அதைப் பார்க்கலாம். தனித்தனியாகச் சுழன்றுகொண்டிருந்த மணிகள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கும். பிறகு கொத்தாகத் திரண்டு கண்ணாடிச் சுவரில் அப்பிக்கொள்ளும். மணிகளைச் சுற்றி நீர்ப்படலம் வந்துவிட்டது என்பதற்கு அதைவிட நம்பகமான அடையாளம் வேண்டியதில்லை. அந்தப் படலத்தைத் தாண்டி எண்ணெய்த்தன்மையான அமிலம் நொதியத்தை எட்டாது.

நீரை ஒரு நிலையில் நிறுத்துவதற்கு உப்புகளே உதவுகின்றன. மூடிய பெட்டிக்குள் ஓர் உப்பின் நிரம்பற் கரைசலை வைத்தால், உள்ளேயுள்ள காற்றின் சாரீரப்பதன் அந்த உப்புக்குரிய எண்ணில் நின்றுவிடும். 25 பாகையில் இலித்தியம் குளோரைட்டு 0.11, மக்னீசியம் குளோரைட்டு 0.33, மக்னீசியம் நைத்திரேற்று 0.53, சோடியம் குளோரைட்டு 0.75. நொதிய மணிகளையும் தாக்கிகளையும் தனித்தனியே திறந்த தட்டுகளில் அந்தப் பெட்டிக்குள் ஓரிரு நாள் வைத்தெடுத்தால், எல்லாம் ஒரே நீர்த் தொழிற்பாட்டில் தொடங்கும். கரைசலின் அடியில் கரையாத உப்பு எப்போதும் தெரியவேண்டும். அது தீர்ந்துபோனால் எண்ணும் நகர்ந்துவிடும். பாத்திரத்துக்குள்ளேயே போடக்கூடிய வழியும் உண்டு. இருசோடியம் ஐதரசன் பொசுபேற்று, பளிங்கு நீர் கொண்டு பல வடிவங்களில் இருக்கும். ஏழு நீர் மூலக்கூறு கொண்டதும் இரண்டு கொண்டதும் சேர்ந்திருக்கும்வரை, மிகும் நீரை ஒன்று வாங்கும், குறையும் நீரை மற்றது கொடுக்கும். தாங்கற் கரைசல் பி.எச். பெறுமானத்தைக் காப்பதுபோல இந்த இணை நீரைக் காக்கிறது. ஸ்கொட்லாந்தின் பீட்டர் ஹாலிங் இந்த முறையை வளர்த்தவர்களுள் முக்கியமானவர். ஆய்வுக்கு இது அழகான முறை. கிலோக்கணக்கில் எசுத்தர் ஆக்கும்போது, 90 கிராம் நீரைப் பிடிக்க அள்ளி அள்ளிப் போடவேண்டியிருக்கும்.

நீரைத் தம் நுண்துளைகளுக்குள் பிடித்துவைக்கும் மணிகளான மூலக்கூற்றுச் சல்லடைகளைத்தான் பலரும் முதலில் நாடுகிறார்கள். நானும் அப்படித்தான். மூன்று அங்ஸ்ட்ரோம் துளை கொண்ட சல்லடைக்குள் நீர் நுழையும், எதனோல் நுழையாது. தன் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நீரை அது பிடிக்கும். நான் முன்பு வேலை செய்த ஒரு சிறிய ஆய்வுகூடத்தில் லோரிக் அமிலத்தை எதனோலோடு சேர்க்கும் வேலை நடந்தது. எஞ்சிய அமிலத்தைச் சோடியம் ஐதரொட்சைட்டால் நியமித்து, அதாவது துளித்துளியாகச் சேர்த்து அளந்து, பார்ப்போம். ஆவணியில் ஒழுங்காக ஓடிய தாக்கம் கார்த்திகையில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டிச் சற்றே போய் நின்றுவிட்டது. நொதியம் பழுதாகிவிட்டது என்று முடிவு கட்டினோம். புதியது வரக் காத்திருந்தோம். புதியதும் அதே இடத்தில் நின்றது. ஒரு நாள் ஏதோ நினைப்பில் சல்லடை மணிகள் சிலவற்றை ஈர உள்ளங்கையில் போட்டுக் கையை மூடினேன். உலர்ந்த சல்லடை நீரைப் பிடிக்கும்போது வெப்பத்தை வெளிவிடும்; கை சுடவேண்டும். என் கையில் மணிகள் குளிர்ந்த சிறுகற்கள்போலக் கிடந்தன. மழைக்காலம் முழுவதும் அந்தப் போத்தலின் மூடி சரியாக இறுகாமல் இருந்திருக்கிறது. அறைக்குள் இருந்த வாடைக்காற்றைக் குடித்து, எங்கள் தாக்கத்துக்கு வருமுன்பே சல்லடைக்கு வயிறு நிறைந்துவிட்டது. பிறகு மணிகளை 250 பாகைக்கு மேல் சில மணி நேரம் சூடாக்கி, உலர்த்தியில் ஆறவிட்டு எடுத்தோம். அடுத்த தடவை உள்ளங்கையில் போட்டபோது சட்டென்று கையைத் திறக்கவேண்டியிருந்தது.

சல்லடைக்கு வேறு குறைகளும் உண்டு. காந்தக் கலக்கியின் கீழ் மணிகள் அரைபட்டு மாவாகும். அமிலத்தோடு சோடியம், பொற்றாசியம் அயன்களை மாற்றிக்கொண்டு சிறிது சவர்க்காரத்தையும் உண்டாக்கும். அது நொதியத்தின் அமில காரச் சமநிலையைக் குலைக்கும். மேலும், வலுவான சல்லடையை அளவின்றிப் போட்டால் நொதியத்துக்கு வேண்டிய நீரையும் அது பறித்துவிடும். ஒரு கிலோகிராம் லோரிக் அமிலத்துக்குக் கணக்குப்படி அரைக் கிலோகிராமுக்குக் கிட்டச் சல்லடை வேண்டும். அதை மறுபடியும் காய்ச்சி எடுக்கும் மின்கட்டணத்தையும் நினைத்துப் பார்க்கவேண்டும்.

தொழிற்சாலைகள் பெரும்பாலும் வெற்றிடத்தையே நாடுகின்றன. 60 பாகையில் தூய நீரின் ஆவியமுக்கம் ஏறக்குறைய 200 மில்லிபார். பாத்திரத்தின் அமுக்கத்தை 20 மில்லிபாருக்கு இறக்கி நிறுத்தினால், மேலே இருப்பது முழுவதும் நீராவியாகவே இருந்தாலும் நீர்த் தொழிற்பாடு 0.1ஐத் தாண்டாது. அமுக்கமானியின் முள்ளைப் பார்த்தே நீர்த் தொழிற்பாட்டைப் படிக்கலாம் என்பது எனக்கு மிகவும் பிடித்த விடயம். பம்பியைத் திருகினால் நீரின் துடிப்பு குறைகிறது. ஆனால் எதனோலுக்கு இது ஒத்துவராது. 60 பாகையில் எதனோலின் ஆவியமுக்கம் நீரினதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்; நீருக்கு முன்னால் அதுவே ஓடிவிடும். நீண்ட சங்கிலி கொண்ட அற்ககோல்களுக்கும் கிளிசரோலுக்கும் வெற்றிடம் பொருந்தும்.

காற்றையோ நைதரசனையோ குமிழ்குமிழாக விட்டு நீரை அள்ளிக்கொண்டு போகச் செய்வது இன்னொரு வழி. திருகோணமலையின் மழைக்காலக் காற்றை இதற்குப் பயன்படுத்தலாமா என்று ஒரு மாணவி கேட்டாள். எடுத்த எடுப்பில் முடியாது என்றுதான் சொல்லியிருப்பேன். முதலில் சொன்ன கணக்கு இங்கே கைகொடுத்தது. அந்தக் காற்றில் 30 மில்லிபார் நீராவி இருக்கிறது. 60 பாகைப் பாத்திரத்துக்குள் நுழைந்ததும் அதன் சாரீரப்பதன் 30ஐ 200ஆல் வகுத்தது, அதாவது 15 சதவீதம். வெளியே துணியைக் காயவிடாத காற்று, சூடான பாத்திரத்துக்குள் உலர்ந்த காற்றாகிவிடுகிறது. நீர்த் தொழிற்பாட்டை 0.15 வரை அது இறக்கும். கச்சான் காற்றும் அதே 0.15இல்தான் நிறுத்தும், ஒரு புள்ளிகூடக் கூடுதலாக இறக்காது. அதற்குக் கீழே போகவேண்டுமென்றால் காற்றைச் சிலிக்கா ஜெல் அல்லது சல்லடை நிரம்பிய குழாய் வழியே முன்கூட்டியே உலர்த்தவேண்டும். 30 பாகையில் நடக்கும் தாக்கத்துக்கு வாடைக்காற்றை விட்டால் நிலைமை தலைகீழ்: சாரீரப்பதன் 70 சதவீதத்துக்கு மேல் நிற்கும், நீரை எடுப்பதற்குப் பதிலாக ஊட்டிக்கொண்டிருக்கும். அந்த மாணவியின் கேள்வி எனக்கு நல்ல பாடமாக அமைந்தது.

தொலுயீன் போன்ற கரைப்பானோடு நீரைச் சேர்த்துக் கொதிக்கவைத்துப் பிரிக்கும் டீன்-ஸ்டார்க் அமைப்பு 1920 முதல் இருக்கிறது. அதன் 84 பாகைச் சூடு பல லிப்பேசுகளுக்கு அதிகம். நீரை மட்டும் கடத்தும் மென்சவ்வுகளும் உள்ளன. சிறிய அற்ககோல்களுக்கு அவை மிகப் பொருத்தமானவை, விலைதான் தடை.

இந்த முறைகள் ஏட்டோடு நிற்கவில்லை. முகப்பூச்சுகளில் சேரும் மிரிஸ்டைல் மிரிஸ்டேற்று என்ற மெழுகுபோன்ற எசுத்தரை ஜெர்மனியின் எவோனிக் நிறுவனம் லிப்பேசு மணிகளைக் கொண்டு ஆக்குகிறது. வழக்கமான இரசாயன முறைக்கு 180 பாகைக்கு மேல் சூடு வேண்டும். நொதியத்துக்கு 60 பாகை போதும். அந்தச் சூட்டில் நிறமும் வாடையும் பிறப்பதில்லை. ஆகவே பின்னால் வெளிற்றும் வேலையும் இல்லை. அங்கும் குமிழ்ச் சுழற்சியால் நீரை வெளியேற்றும் உலைகளை ஆராய்ந்திருக்கிறார்கள். ஒரு கிலோகிராம் மிரிஸ்டைல் மிரிஸ்டேற்றுக்கு 42 கிராம் நீர் பிறக்கும். மூலக்கூறு பெரிதாக ஆக, எடைக்கு எடை நீர் குறைகிறது என்பது இதில் கிடைக்கும் ஒரு வசதி.

மீன்பிடித் துறையில் வாழும் நமக்கு இன்னும் நெருக்கமானது மீனெண்ணெய். மீனெண்ணெயின் ஒமேகா-3 கொழுப்பமிலங்களில் இரட்டைப் பிணைப்புகள் அதிகம். சூடு பட்டால் கெட்டுப்போகும். பிரித்தெடுத்த அந்த அமிலங்களைக் கிளிசரோலோடு மீண்டும் பிணைத்து இயற்கையான கொழுப்பு வடிவத்துக்குக் கொண்டுவர, ஐஸ்லாந்தின் ஹரால்ட்சனும் அவரது குழுவினரும் 1995இல் கன்டிடா அன்டார்ட்டிக்கா லிப்பேசைப் பயன்படுத்தினார்கள். வெப்பநிலை 65 பாகை, கரைப்பான் இல்லை, ஆழ்ந்த வெற்றிடத்தில் நீரை இழுத்துக்கொண்டே நடத்திய தாக்கம். கொழுப்பமிலங்களைப் பிடிக்கும் கிளிசரோலின் மூன்று கைகளும் நிரம்பின. வெற்றிடம் இல்லாமல் அந்த மூன்றாவது கையை நிரப்புவது எவ்வளவு கடினம் என்பதை, சமநிலைக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தவர்கள் உணர்வார்கள். மீன் ஏறும் துறையும் தேங்காய் விளையும் நிலமும் உள்ள மாவட்டத்தில் இந்த வேதியியலைக் கையால் செய்து பழகிய பிள்ளைகள் உருவாகவேண்டும் என்பது என் உள்ளார்ந்த விருப்பம்.

எதை அளப்பது என்பது மிச்சமிருக்கிறது. கலவையில் உள்ள நீரின் அளவை அறிய 1935 முதல் கார்ல் ஃபிஷர் நியமிப்பு இருக்கிறது. மிக நுணுக்கமானது, நம்பகமானது. ஆனால் அது சொல்வது அளவை; கருவாட்டில் எத்தனை கிராம் நீர் என்று சொல்லும், அது அழுகுமா என்று சொல்லாது. நீர்த் தொழிற்பாட்டை அறிய, கலவைக்கு மேலேயுள்ள காற்றில் ஓர் ஈரப்பதன் உணரியைத் தொங்கவிட்டாலே போதும். சூட்டையும் அமில ஆவியையும் தாங்கும் உணரியாக இருக்கவேண்டும், கலவை தெறித்து அதில் படக்கூடாது. பயன்படுத்துமுன், சோடியம் குளோரைட்டின் நிரம்பற் கரைசல் வைத்த மூடிய போத்தலுக்குள் அதை ஓர் இரவு தொங்கவிட்டுப் பார்க்கவேண்டும். காலையில் 75 காட்டினால் நம்பலாம். 70ஐயோ 80ஐயோ காட்டினால் அந்த வித்தியாசத்தைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, மக்னீசியம் குளோரைட்டு வைத்த போத்தலில் மறுபடியும் தொங்கவிடவேண்டும். அங்கே 33 வரவேண்டும்.